வெரலிக்காய் நெருப்பு

…இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன, நபீஸ் நானாவின் கடையில் அந்த வால்வு முடிந்துவிட்டதாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், யார் வந்து பையைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்… மேனகா கைப்பையை மடியோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள். பித்தளை வால்வு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சாமான், அதற்குப் போய் இவ்வளவு கனமா. வெள்ளவத்தையில் ஏறிய பஸ் இன்னும் பம்பலப்பிட்டியைத் தாண்டவில்லை, காலி வீதி நெடுக வாகனம், கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று கத்துகிறான், முன்னுக்குப் போ போ என்றால் எங்கே போவது, பக்கத்தில் நிற்கிறவளின் குடைக்கம்பி ஏற்கனவே தோளில் குத்துகிறது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே யதுஷாவின் போன். "அக்கா, பைப்பில இருந்த வால்வு வெடிச்சுப்போச்சு, காஸ் எல்லாம் வீணாப் போகுது, நான் துணியைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். வாற வழியில ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. பீ.எச்.ஐ மத்தியானத்துக்கு முதல் வந்திடுவார், பிந்திடாதேங்கோ." சரிம்மா வாங்கிட்டு வர்றேன் என்றாள், வாங்கியும்விட்டாள், நபீஸ் நானா ஊதித் தூசி தட்டி, "இது லேசில போகாது தங்கச்சி, நல்ல சாமான்" என்று தாளில் சுற்றித் தந்தார். பிறகு எதற்கு இந்தப் பொய் நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது? எனக்கு என்ன ஆகிவிட்டது?

அந்தப் பிள்ளை பாவம், யதுஷா. வெள்ளவத்தையில் வசதியான யாழ்ப்பாணத்துக் குடும்பம், எஞ்சினியருக்குப் படித்தவள், ஏசி அறையில் உட்கார வேண்டியவள் கொட்டாஞ்சேனையில் பேர்னாட் ஐயாவின் அச்சாறுப் பட்டறைக்கு வந்து முழங்கை வரை கையைச் சாணியில் விட்டுக் கரைத்தாள். வெரலிக்காய் அச்சாறுதான் அங்கே பிரதானம். வெளிநாட்டுக்காரர்கள் இதைச் சிலோன் ஒலிவ் என்பார்களாம், யதுஷா சொல்லித்தான் தெரியும், மேனகாவுக்கு அது ஹட்டனில் பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்கிற காய், அவ்வளவே. அவித்துப் பிசைந்து சதையை எடுத்தால் தோலும் நாரும் கொட்டையும் அழுகலும் மிஞ்சும், அதோடு புளித்த கழுவு தண்ணீர், எல்லாம் பின்சுவரோரம் குவிந்து ஈ மொய்த்துக் கிடக்கும். போன வருடம் வந்த யதுஷா அந்தக் குவியலைப் பார்த்துத்தான், "ஐயா, இதுக்குள்ள நெருப்பு இருக்கு" என்றாள். கறுப்புத் தாங்கி வந்தது, முகத்துவாரத்திலிருந்து சாணி வந்தது, காயின் புளிப்பு உள்ளே காஸ் உண்டாக்குகிற கிருமிகளைக் கொன்றுவிடும் என்று சுண்ணாம்பு வந்தது, தினமும் கொட்டிக் கிண்டுகிற வேலை மேனகாவுக்கு வந்தது. தாங்கியோடு பொருத்திய காற்றுப் பை மெல்ல உப்பிற்று, எல்லாரும் கூடி நின்று தீக்குச்சியைக் காட்டினால்… குச்சிதான் அணைந்தது. "முதல் வாற காத்து அப்பிடித்தான் அக்கா, எரியாது, பொறுங்கோ" என்று சிரித்தவளின் கண் சிரிக்கவில்லை. அதற்குள் அக்கம்பக்கம் நாற்றம் என்று சுகாதாரப் பரிசோதகருக்கு, அந்த பீ.எச்.ஐக்கு, முறைப்பாடு. பேர்னாட் ஐயா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், "ஒருக்கா பத்தட்டும், அந்த மனுசனோட நான் கதைச்சுக்கொள்றன். இண்டைக்கும் பத்தாட்டி தாங்கியக் கழட்டிருவோம் பிள்ளை, என்னால ஏலாது." அந்த இன்றைக்கு இன்றைக்குத்தான். நான் இந்தப் பையோடு வராமல் போனால் பத்தாது. அது பத்தக்கூடாது என்று என்னில் ஏதோ ஒன்று நினைக்கிறது, நினைக்கிறதா… ச்சீ, என்ன நினைப்பு இது.

அந்தப் பிள்ளை நல்லதற்குத்தான் சொன்னாள், போன கிழமை, காற்றுப் பையைத் தடவிக்கொண்டு, குழந்தையின் வயிற்றைத் தடவுகிற மாதிரி… "இந்தக் குவியல் எப்பவும் காஸ் விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும் அக்கா, நாங்கதான் பிடிக்கேல்ல." எப்பவும் என்றால் எப்பவும். என்றால் அந்த வருடமும். நாட்டில் காஸ் இல்லாமல் போன அந்த வருடம், வரிசை காஸ் கடையில் தொடங்கி சந்தியைச் சுற்றி பட்டறையின் பின்சுவர் வரை நீண்டு கிடந்த அந்த வெயில் நாட்களும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் ஜீவராஜ், துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வீட்டுக்குக்கூட வராமல் நேரே வந்து சிலிண்டரோடு நின்றவன். இந்தப் பக்கம் அவள், விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு காய் அவித்தவள். நடுவில் அந்தக் குவியல், கொப்புளம் விட்டு, புஸ் புஸ் என்று… அவன் அந்தச் சுவரில்தான் கை ஊன்றி நின்றான். கேற்றடியில் போய்த் தண்ணீர் கொடுத்தாள், "செத்த உக்காருங்களேன்" என்றாள், "இரு புள்ள, இப்ப நகந்துரும்" என்றான், முகம் சாம்பலாக இருந்தது, வெயில் என்று நினைத்தாள், அடுப்பில் காய் பொங்குகிறதே என்று திரும்பி ஓடினாள். பிறகு ஒரு சத்தம், ஆட்கள் கூப்பிட்ட சத்தம். மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். நாற்பத்தொரு வயதுக்காரனுக்கு. கொட்டாஞ்சேனை அறையைக் காலி செய்துவிட்டு வெள்ளவத்தையில் அக்கா வீட்டோடு வந்துவிட்டாள், வேலையை மட்டும் விடமுடியவில்லை, அந்தச் சுவரைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டாள். இப்போது அதே சுவரடியில் நீலமாக ஒரு நெருப்பு எரிந்தால், எல்லாரும் கை தட்டினால்… எங்கே போயிருந்தாய் அப்போது என்று யாரைக் கேட்பது, வெரலிக்காயையா?

காலிமுகத்திடலில் இறங்கிவிட்டாள். இறங்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை, யாரோ இறங்கினார்கள், கால் அவர்கள் பின்னால் போயிற்று. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கடலுக்குள் போட்டுவிடலாம், ஒரு வீச்சு, தாள் சுற்றிய ஒரு துண்டுப் பித்தளை, மீனுக்கு என்ன தெரியும். பையைத் திறந்து கைக்குள் எடுத்தும்விட்டாள். போட்டால் என்ன நடக்கும்? தாங்கியைக் கவிழ்ப்பார்கள், உள்ளே இருப்பதை எங்கே கொட்டுவார்கள், சுவரடியில்தான். நாளைக்கு அவள் அவித்த காயின் தோலும் அதன்மேல் விழும், மறுபடியும் குவியல், மறுபடியும் கொப்புளம், யாருக்கும் இல்லாமல் காற்றில் போகிற காஸ், அந்தப் புஸ் புஸ்… அந்தச் சத்தத்தை இனிமேல் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியுமா? எரிந்து தொலையட்டுமே. எரியாமல் கிடப்பதைவிட எரிந்து தொலையட்டும். போன் அதிர்ந்தது. "அக்கா எங்க நிக்கிறீங்கள்?" அழுகைக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிற குரல். "காலிமுகத்துல இருக்கேன்மா. பஸ்ஸு நகரல. திரீவீல் புடிச்சு வந்துர்றேன்." பொய்யும் மெய்யுமாக அதுவே வாயில் வந்தது, நல்லவேளை.

பட்டறைக்குள் நுழையும்போது யதுஷா ஈரத்துணி சுற்றிய பைப்பைப் பிடித்தபடியே நின்றாள், விரல்கள் வெளுத்திருந்தன. வால்வைக் கண்டதும் கன்னத்தால் மேனகாவின் தோளை ஒருமுறை இடித்தாள், அவ்வளவுதான். பொருத்தினாள், சவர்க்கார நுரை தடவிப் பார்த்தாள், கசிவில்லை. "நீங்களே பத்தவையுங்கோ அக்கா, தினமும் கிண்டினது நீங்கள்தானே." வேண்டாம் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் கையில் தீப்பெட்டி. பேர்னாட் ஐயா சிலுவை போட்டுக்கொண்டார். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது… அடுப்பின் வாயில் ஒன்றும் தெரியவில்லை, வெயிலில் நெருப்பு தெரியவில்லை, சூடுதான் முதலில் புறங்கையில் அடித்தது, பிறகு குனிந்து பார்த்தால் மெல்லிய நீலம், ஒரே சீராக, ஆடாமல். யதுஷா அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா. பேர்னாட் ஐயா "தேத்தண்ணிக் கேத்திலக் கொண்டாங்க" என்று கத்தினார். பீ.எச்.ஐ வந்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மனிதர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுற்றிவந்தார், தாங்கி மூடியைத் தட்டிப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், நம்பாமல் வால்வைத் தானே மூடித் திறந்து பார்த்தார். சுவரடிக் குவியலை ஒரு கிழமைக்குள் முழுக்கத் தாங்கிக்குள் தள்ளிவிட்டு இடத்தைக் கழுவுங்கள், நாற்றம் தாங்கியிலிருந்து இல்லை, குவியலிலிருந்துதான் என்று சிங்களத்தில் சொன்னார், தேநீரை ஊதி ஊதிக் குடித்தார், போனார். தாங்கி தப்பிவிட்டது.

எல்லாரும் கேற் வரை போய்விட்டார்கள். மேனகா பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிக் காயைக் கொட்டினாள், கோபம் வரும் வரும் என்று காத்திருந்தாள், காலையிலிருந்து அதற்குத்தானே பயந்தது. வந்தது. ஆனால் யாரோ வேறு ஆள்மேல் வந்தது. காஸ் கடைக்காரன்மேல் இல்லை, நாட்டை ஆண்டவர்கள்மேல் இல்லை, அவர்களோடெல்லாம் கோபித்துக் கோபித்து அலுத்துவிட்டது, இந்தக் குவியல்மேலும் இல்லை. அந்த வரிசையில் சிலிண்டர்களை எல்லாம் ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். யாருடைய இடமும் போகாது, சிலிண்டர் நின்றால் போதும், ஆட்கள் நிழலில் படுத்துக் கிடந்தார்கள், சீட்டு விளையாடினார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஜீவராஜுக்கு மட்டும் என்ன வந்தது? ராத்திரி முழுக்க மூட்டை தூக்கிய உடம்பு, ஏன்யா நின்னீங்க, எதுக்கு நின்னீங்க, உக்காருங்கன்னு சொன்னேனே… செத்தவனோடு கோபிக்கக்கூடாது என்று யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, அவளாகவே இத்தனை நாளும் அவனை மட்டும் தள்ளிவைத்துவிட்டு உலகத்தோடு எல்லாம் சண்டை போட்டிருக்கிறாள். "அக்கா, முகம் ஏன் இப்பிடிச் சிவந்திருக்கு? ஏதும் செய்யுதோ?" யதுஷா பின்னால் வந்து நின்றாள். "ஒன்னுமில்லம்மா, சூடு." காய் பொங்கி விளிம்புக்கு வந்தது, வால்வைக் கொஞ்சம் திருகிக் குறைத்தாள், நீலம் கீழே இறங்கிற்று, அணையவில்லை… இனி இவனோடு எப்படிச் சண்டை போடுவது, எங்கிருந்து தொடங்குவது?