ஒரே விமானத்துக்கு இரண்டு எண்கள்

வேலை நேரத்தில் அம்மா கூப்பிடவே மாட்டாள். அன்று காலை பதினொன்றே காலுக்குக் கைபேசியில் அவள் பெயர் ஒளிர்ந்ததுமே சின்னவள் மேசைக்கு அடியில் குனிந்து காதில் வைத்தாள்.

"ஏண்டி, டிவில ஏதோ விமானத்தைக் காட்டுறாங்க. இன்ஜின்ல புகையாம். இறங்க முடியாம சுத்திக்கிட்டே இருக்காம். அக்கா அதுலயா வர்றா?"

"நம்பர் என்ன போட்டிருக்காங்கம்மா?"

"ரெண்டாயிரத்து அறுபத்தி மூணு."

சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அக்காவோடது நானூத்திப் பதினேழு. அது எங்க கம்பெனி விமானம். இது வேற கம்பெனியோடது. நீ டிவியை அணைச்சுட்டு வேலையைப் பாரு."

"நிச்சயமா?"

"பதினோரு வருஷமா இதைத்தானேம்மா செய்யறேன்!"

அவள் வேலை பார்த்தது ஒரு விமானக் கம்பெனியின் தொலைபேசி அறையில். எட்டு மேசைகள், எட்டு கணினிகள், ஜன்னல் கிடையாது. டிக்கெட்டைத் தொலைத்தவர், பெட்டியைத் தொலைத்தவர், பொறுமையைத் தொலைத்தவர் எல்லாரும் அந்த எட்டுப் பேரிடம்தான் வந்து சேர்வார்கள்.

அம்மாவின் அழைப்பை வைத்ததும் அழைப்புகள் மழையாகக் கொட்டத் தொடங்கின. நானூற்றுப் பதினேழில் என் மகன் வருகிறான், என் மாமியார் வருகிறார், டிவியில் காட்டுவது அதுதானா என்று ஒரே கேள்வி. சின்னவள் ஒவ்வொருவருக்கும் நிதானமாகச் சொன்னாள்: "இல்லைங்க, அது வேற கம்பெனி. எங்க விமானம் இல்லை. பயப்படாதீங்க." ஒருவர் இரண்டு பேர் அல்ல, ஒன்பது பேரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தெம்பாக இருந்தது.

பத்தாவதாக வந்தவர் ஒரு தையல்காரர். அவர் மனைவி தனியாக வந்துகொண்டிருந்தாள். அவரிடமும் அதையே சொன்னாள்.

"அம்மா, நான் அதிகம் படிக்காதவன்," என்றார் அவர். "ஆனா டிக்கெட்டுல அடியில பொடி எழுத்துல வேற கம்பெனி பேரு போட்டிருக்கு. பக்கத்துல ரெண்டாயிரத்து அறுபத்தி மூணுன்னும் இருக்கு. அது என்னம்மா?"

சின்னவள் நானூற்றுப் பதினேழின் பக்கத்தைத் திறந்து கடைசி வரி வரை இறக்கினாள். 'இயக்குபவர்' என்ற சொல்லுக்கு எதிரே கூட்டாளிக் கம்பெனியின் பெயர். அதன் பக்கத்தில் அந்த எண்.

கோட்ஷேர். ஒரு கம்பெனி ஓட்டும் விமானத்தில் இன்னொரு கம்பெனி தன் எண்ணைப் போட்டு டிக்கெட் விற்கும். விமானம் ஒன்று, எண் இரண்டு. இதைத் தினமும் பத்துப் பேருக்கு விளக்குகிறவள் அவள். ஆனால் அப்படிப்பட்டவற்றுக்கு எப்போதும் நான்கு இலக்க எண்தான். மூன்று இலக்கம் என்றால் சொந்த விமானம் என்று அவள் மனதில் ஊறிப்போயிருந்தது. இந்த ஒன்றாம் தேதி முதல் நானூற்றுப் பதினேழைக் கூட்டாளிக்கு மாற்றிவிட்டார்கள். அதைப் பற்றி ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அவள் திறக்கவில்லை.

அக்கா. அக்காவின் நான்கு வயது மகள் பட்டாணி.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றார் தையல்காரர்.

"இருக்கேன்." "ஐயா, நான் தப்பாச் சொல்லிட்டேன். அது அந்த விமானம்தான். என் அக்காவும் அதுலதான் இருக்கா."

மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவள் எழுந்து மேற்பார்வையாளரிடம் ஓடினாள். வீடே தீப்பற்றினாலும் "நிதானம், நிதானம்" என்கிற மனிதர். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. அன்று அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. திரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "நீ வீட்டுக்குப் போம்மா," என்றார்.

"ஒம்பது பேர்கிட்ட பொய் சொல்லியிருக்கேன் சார். போன் பண்ணிட்டுத்தான் போவேன்."

ஒன்பது எண்களையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஒரு பெண் கத்தினாள். ஒரு கிழவர், "இப்பத்தாம்மா சாப்பிட உக்காந்தேன்," என்று மட்டும் சொன்னார். இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தினாள்.

கடைசியாக அம்மாவை.

"அம்மா, டிவி ஓடுதா?"

"நீதானே அணைக்கச் சொன்னே. வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கேன்."

"போடும்மா. அக்கா அதுலதான் இருக்கா."

அம்மா அழவில்லை. "அவ ஒரு இடத்துக்காவது நேரத்துக்குப் போயிருக்காளாடி?" என்றாள். "விமானத்தை விட்டிருப்பா. நீ வேணா பாரு."

அக்காவின் தாமதம் வீட்டில் பெரிய கேலி. அவள் கல்யாணத்துக்கே அவள்தான் கடைசியாக வந்தாள் என்பார்கள். சின்னவள் அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சின்னவளின் கணினியில் டிக்கெட் வாங்கியவர்களின் பெயர்கள்தான் தெரியும். யார் ஏறினார்கள் என்பது ஓட்டுகிற கம்பெனிக்குத்தான் தெரியும். அவர்களுடைய அவசர எண்ணை அழைத்தாள். "நானூற்றுப் பதினேழா? எங்ககிட்ட அப்படி ஒரு விமானமே இல்லைங்க," என்றது ஒரு குரல். காலையில் அவள் பேசிய அதே தொனி.

"இரண்டாயிரத்து அறுபத்தி மூணுதான் அது!" என்று அவள் வீறிட்டதில் அறையே திரும்பிப் பார்த்தது. "எங்க நம்பரைச் சொல்லிக் கேக்கிறவங்களை எல்லாம் நீங்க இல்லைன்னு அனுப்பிட்டிருக்கீங்க. எங்க டிக்கெட்ல வந்தவங்க அறுபத்தோரு பேர். பட்டியலை இப்ப அனுப்பறேன். ஏறினாங்களான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

அறுபத்தோரு பெயர்களை அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பட்டியல் திரும்பி வந்தது. ஐம்பத்தொன்பது பேர் ஏறியிருந்தார்கள். ஏறாத இருவர் யாரோ அண்ணன் தம்பி. அக்கா ஏறியிருந்தாள், பட்டாணியும்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா நேரத்துக்குப் போயிருந்தாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு விமானம் இறங்கியது. எட்டுப் பேரும் ஒரு கைபேசித் திரையைச் சுற்றி நின்றார்கள். ஓடுபாதையில் டயர் வெடித்து, விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், கரும்புகைக்குள் முழுதாக மறைந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். சின்னவள் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த ஒரு இடம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளுங்க இறங்கறாங்க," என்றார் மேற்பார்வையாளர். "அவசரக் கதவுலேருந்து சறுக்குல வர்றாங்க. நிறைய பேரு. பாரும்மா."

அவள் திரும்பவில்லை. நிறைய பேர் என்றால் எல்லாரும் இல்லையே.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். பதினாறு பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதாகச் செய்தி, பெயர்கள் இல்லை. மூன்று மணி நேரம் அவள் காதுக்கருவியைக் கழற்றாமல், மற்றவர்கள் கேட்ட அதே கேள்விக்கு "இன்னும் தெரியலைங்க, தெரிஞ்ச உடனே நானே கூப்பிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெயர்கள் ஐந்து ஐந்தாக வந்தன. தையல்காரரின் மனைவி இரண்டாவது ஐந்தில் இருந்தாள். சேதி சொன்னதும் அந்த மனிதர் குழந்தைபோல் விம்மினார். நான்கு மணிக்கு ஐம்பத்தேழு பெயர்கள் வந்துவிட்டன. இரண்டு வரவில்லை.

சின்னவள் மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். அம்மா நான்கு முறை கூப்பிட்டிருந்தாள். எடுக்கத் துணிவில்லை. ஐந்தாவதாக ஒரு புது எண் அடித்தது.

"யாரு?"

"நான்தான்டி." புகை குடித்த தொண்டை, அக்காவா என்று சந்தேகமே வந்தது. "நர்ஸம்மா போன் இது. சறுக்குல வந்தப்ப மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. பட்டாணி என் நெஞ்சுல ஒட்டிக்கிட்டே இருக்கா, விடவே மாட்டேங்கிறா. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ரெண்டு பேரையும் பேரு எழுதாமலே ஸ்கேனுக்குக் கொண்டுபோயிட்டாங்க."

சின்னவள் கைபேசியை இரு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேன்," என்றாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தபடி அம்மாவின் எண்ணை அழுத்தினாள். முதல் மணி முழுதாக அடிக்கும் முன்பே அம்மா எடுத்துவிட்டாள்.