மைதிலிக்கு ஒரு பொட்டு

எங்கள் எண்ணெய் மில்லில் ஆயுத பூஜையன்று பொட்டு வாங்கியவர்களுக்கு அந்த வருடம் வயதாவதில்லை. 1961இல் வந்த இரும்புச் செக்கு அறுபதுக்கும் மேல் பொட்டு வாங்கிவிட்டு இன்றும் புதுமாப்பிள்ளை போலச் சுற்றுகிறது. எடை மேடையில் நானும் இருபத்தெட்டு வருடமாக ஒரே வயதில் இருக்கிறேன்.

மென்பொருள்களின் பாடுதான் கஷ்டம். அவற்றுக்கு நெற்றி கிடையாது. மேனேஜர் சென்னியப்பன் மானிட்டருக்குத்தான் சந்தனம் வைப்பார். மானிட்டர் இளமையாக இருக்கும். உள்ளே இருப்பவர் மூன்றே வருடத்தில் கிழமாகிவிடுவார்.

இப்போது உள்ளே இருப்பவள் மைதிலி. லாரிகளை எடை போட்டுச் சீட்டு அடிப்பாள். சாப்பிட்டாயிற்றா என்று என்னைத் தினமும் கேட்கும் ஒரே ஆள். அவளிடம் எதுவும் தேயவில்லை. அவள் பேச்சைத்தான் மற்றவர்கள் மறந்துகொண்டே வந்தார்கள். முதலில் பிரிண்டர் மறந்தது, பிறகு சென்னை அலுவலகம். செக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கொப்பரையோடு மட்டும்தான் பேச்சு, கொப்பரை மாறவில்லை.

“பூசை முடிஞ்சதும் புதுசு வருதுங்க. மைதிலிய எடுத்துருவாங்க,” என்றார் சென்னியப்பன்.

அவளிடம் போய், “என்ற நெத்திக்கு வந்துரு கண்ணு,” என்றேன்.

“அப்ப உங்களுக்குங்க?”

“ஒரு வருசந்தானே. தாங்கிக்குவேன்.”

வந்தாள். நான்கு நிமிடம் பிடித்தது. நடுவில் ஒருமுறை நின்றுபோய் முதலிலிருந்து வந்தாள். சென்னியப்பன் வைத்த பொட்டு அவளுக்குப் போய்ச் சேர்ந்தது, அவளும் தன் இடத்துக்குத் திரும்பினாள். பூசணிக்காய் உடைத்து முடிப்பதற்குள் பிரிண்டர் அவளை அக்கா என்று கூப்பிட்டது. புது மென்பொருளோடு வந்தவர் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் டீக்கடையில், “ஸ்ட்ராங்கா ஒண்ணு,” என்றேன். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டில் என் மனைவி சுகந்திக்கு நான் பேசுவதில் பாதிதான் பிடிபட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தக் காலத்தில் ஒரு வருடம் என்பது நிறைய.

வியாழக்கிழமை என் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்து கதவைத் தட்டினார். என் சட்டை அவருக்குச் சரியாக இருந்தது. அவர் ஏதோ சொன்னார், சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

“பழசு இருந்துட்டுப் போகட்டுங்க. எடத்த ஒண்ணும் அடைக்காது,” என்றாள் அவரிடம்.

அவர் ஒத்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை நான்காக மடித்து, பீரோவில் அவள் கல்யாணப் பட்டுக்குக் கீழே வைத்தார்கள். கதவைச் சாத்துமுன் இரண்டு பாச்சை உருண்டையும் போட்டாள்.