காய்ச்சல் வராத உடம்பு

தம்பி பஸ் ஓட்டுபவன். முதல் மாரடைப்பு அவனை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி வீட்டில் உட்கார வைத்தது. இன்னொன்று வந்தால் ஆள் மிஞ்ச மாட்டான் என்று இதய டாக்டர் கையை விரித்தபோது, அக்கா தன் ஆய்வுக்கூடத் தலைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, புது ஊசிச் சோதனையில் அவனைச் சேர்த்துவிட்டாள். சொந்தக்காரனைச் சேர்க்கக் கூடாதுதான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் என்ன கல்லா?

அவளுக்குச் சோறு போட்டதே ரத்தக்குழாய் அடைப்புதான். குழாய்ச் சுவரில் கொழுப்பு ஒதுங்கினால், அதை விழுங்கிச் சுத்தம் செய்ய வெள்ளணுக்கள் உள்ளே போகும். போனவை அளவுக்கு மீறித் தின்று, அங்கேயே வீங்கிச் செத்து, அடைப்பைப் பெரிதாக்கும். இதை விளக்கியபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"நம்ம சித்தப்பா மாதிரின்னு சொல்லு. வீடு மாத்த ஒத்தாசைக்கு வந்தவரு, போகவே இல்ல."

அந்த அணுக்களை அடக்கி வைப்பதுதான் ஊசியின் வேலை. அடக்கவும் செய்தது. அடுத்த ஸ்கேனில் அடைப்பு சுருங்கியிருந்தது. தலைவர் கை கொடுத்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் தம்பிக்கு அலுப்பு வந்தது. லேசான இருமல், முதுகில் வலி, சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா என்று அவன் மனைவி போனில் கேட்டாள். அக்கா அவனை ஆய்வுக்கூடத்துக்கே வரவழைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தாள். கிருமி புகுந்தால் ஏற வேண்டிய அழற்சி அளவு, அவள் யாரிடமும் கண்டிராத அளவுக்குக் குறைவு. மனம் குளிர்ந்துபோனது.

"கிருமி எதுவும் இல்ல. வீட்டுலயே அடைஞ்சு கெடந்த அலுப்பு. பேசாம ரெஸ்ட் எடுக்கச் சொல்லு," என்று அவன் மனைவிக்குப் போனில் சொன்னாள்.

படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தப் பெண் ஆஸ்பத்திரிப் பேச்சை விட்டுவிட்டாள்.

அந்த ஊசி போட்டவனுக்கு உள்ளே பற்றி எரிந்தாலும் காய்ச்சல் வராது, அழற்சி அளவும் ஏறாது. கிருமியைக் கண்டு சத்தம் போட வேண்டிய அணுக்களைத்தான் வாயடைத்து வைத்திருக்கிறதே. அதனால் அந்த எண்ணை நம்பாதீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மற்ற டாக்டர்களை எச்சரித்தவள் வேறு யாருமில்லை, இவளேதான். தெரியாதவள் செய்த தப்பில்லை இது. கிருமி என்று சொல்லியிருந்தால் அடுத்த ஊசி நின்றிருக்கும், அந்த அழகான ஸ்கேனும் கணக்கில் வராமல் போயிருக்கும். அது மனதின் ஒரு மூலையில் இருந்தது. பாழாய்ப்போன மூலை.

கடைசியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நுரையீரல் முழுக்கச் சீழ் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சொன்னபோது தம்பிக்குப் பேச்சு போயிருந்தது. மறுநாள் மூச்சும் போனது.

செத்தால் உடலை அறுத்துப் பார்க்கலாம் என்று சோதனையில் சேரும்போதே சம்மதித்திருந்தான். நுண்ணோக்கியில் பார்க்கச் சாயம் ஏற்றிய அவன் இதயக் குழாயின் துண்டு அவள் மேசைக்கே வந்தது. அடைப்பு வற்றி, சுவர் ஆறியிருந்தது. தலைவர் தயங்கித் தயங்கி, துக்கத்தோடு சேர்த்துப் பாராட்டையும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்தரம் அக்கா தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கதவைத் திறந்து, வாசலிலேயே நிற்க வைத்து, அவர் இதயம் எப்படி இருந்தது என்று கேட்டாள். பொய் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. நன்றாக ஆகியிருந்தது என்றாள்.

"அப்ப உங்க ஊசி நல்ல ஊசிதான்க்கா."

குரலில் கோபம்கூட இல்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். அவள் திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.