ஹல்ட் ஏரிக்கரையில் ஒரு பழி

டென்மார்க்கின் விபோர்க் நகரில் டெனிஷ் படித்துக்கொண்டிருந்த தமிழ் அகதிகளை, 1986 கோடையில் ஆசிரியை கியஸ்டன் பக்கத்திலிருந்த ஹல்ட் ஏரிக்குக் கூட்டிப்போனார். மன்னாரிலிருந்து வந்த மாக்கிரட்டும் கணவன் யோசேப்பும் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

பனியுகத்தில் உண்டான பள்ளத்தில் தேங்கிய ஏரி அது, முப்பது மீற்றருக்கு மேல் ஆழம் என்றார் கியஸ்டன். இடிந்த கோபுரம் ஒன்றைக் காட்டி, ஒரு காலத்தில் அது பிஷப்பின் கோட்டை, பிறகு அரசன் பறித்துக்கொண்டான் என்றார். கரையில் சில மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தன. மீன்பண்ணைக் கழிவு வருடக்கணக்காக ஓடைகள் வழியே வந்து சேர்ந்ததில் ஏரியின் அடித்தண்ணீர் கெட்டுவிட்டதாம். இப்போது குழாய் வைத்து ஒட்சிசன் விடுகிறார்களாம்.

அப்போது படகு வாடகைக்கு விடும் கிழவர் ஒருவர் வந்து கியஸ்டனிடம் சொன்னார்:

"இந்தத் தமிழர்கள் வலை போடுகிறார்கள். வேண்டாத மீனை எறிந்துவிட்டுப் போகிறார்கள்."

கியஸ்டன் ஒரு அசட்டுச் சிரிப்புடன் எல்லாரையும் பஸ்ஸுக்கு அழைத்தார்.

மாக்கிரட்டுக்கு அவ்வளவு டெனிஷ் விளங்கியது. பஸ்ஸில் கொதித்தாள்.

"நாங்கள் வலை போட்டமாம்! இந்தத் தண்ணியில நான் கால்கூட நனைக்கேல்லை!"

"மெல்லக் கதை. எங்கட விசா முடிவு இன்னும் வரேல்லை" என்றான் யோசேப்.

"விசாவுக்காகக் கள்ளர் எண்ட பேரும் வாங்கோணுமோ?"

சனிக்கிழமை அவள் ஏரிக்குப் போகச் சைக்கிளை எடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே யோசேப்பும் பின்னால் வந்தான். கிழவர் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த டெனிஷில் மாக்கிரட் கேட்டாள். "நாங்கள் வலை போட்டதை நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை. எல்லாரும் சொல்கிறார்கள்."

"எல்லாரும் என்றால் யார்?"

கிழவர் தூரிகையை மறுபடி தாரில் தோய்த்தார். "பகிடிக்குச் சொன்னேன்" என்றார்.

"யார் சிரித்தார்கள்?"

கிழவர் ஏரியைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டார்.

"தண்ணீரிடம் கேட்க வேண்டாம். எங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். முதலில் அவளையும் பிறகு யோசேப்பையும் பார்த்து, மறுபடி சொன்னார்.

திரும்பும்போது யோசேப் கேட்டான். "அந்தாள்தான் சொல்லிப்போட்டுதே, இன்னும் ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு வாறாய்?"

"பழி சொல்லேக்க வகுப்பு முழுக்க நிண்டது. மன்னிப்பு மட்டும் எங்கள் ரெண்டு பேருக்கோ?"

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, கிழவர் சொன்ன பழியையும் பார்க்காமலே சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டதையும் எல்லாருக்கும் சொன்னாள்.

"அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும்" என்றார் கியஸ்டன், முகம் சிவந்து.

"ஆம், பேசியிருக்க வேண்டும்" என்று டெனிஷிலேயே சொல்லிவிட்டு மாக்கிரட் உட்கார்ந்தாள்.