நாய், வாந்தி, அவ்வளவுதான்

அந்தத் தெருவில் நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ராசியான கை. வாய்தான் கொஞ்சம் வெடுக்கு.

இரண்டும் உண்மை. பயந்துபோய் உறுமும் நாயை அவர் நேருக்கு நேர் பார்க்கவே மாட்டார். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, புறங்கையை மோந்து பார்க்க விட்டு, அது தானாக ஒட்டி வரும்வரை காத்திருப்பார். அதே டாக்டர், நாயைக் கூட்டிவந்த மனிதர் வாயைத் திறந்ததும், "எத்தனை நாளா? என்ன சாப்பிட்டுச்சு? சுருக்கமா சொல்லுங்க" என்பார்.

முன் அறையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். புது ஆள் கிடைக்காமல் டாக்டர் திண்டாடியபோது, அவர் கணவர் தன் அக்காவைச் சொன்னார். டெலிபோன் ஆபீஸில் புகார் கேட்கும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"வீட்ல சும்மாதான் இருக்கா. மனுஷங்கன்னா அவளுக்கு உசுரு."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் டாக்டர். ஆனாலும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

நாத்தனார் வந்த ஒரே வாரத்தில் முன் அறை களை கட்டிவிட்டது. யார் வீட்டுப் பூனை யார் வீட்டுக் கட்டிலில் தூங்குகிறது, எந்த நாய்க்கு எந்த மருமகளைப் பிடிக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காத்திருப்பவர்கள் தங்கள் முறை வந்தும் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டருக்குத்தான் தலை சூடானது.

"அடுத்தது யாரு, அண்ணி?"

"அந்தச் சாம்பல் பூனை இருக்குல்ல கண்ணு, பாவம், அவங்க வீடு மாறினதுலேருந்து..."

"பூனைக்கு என்ன?"

"அதைத்தான் சொல்ல வரேன். புது வீட்ல மாடிப்படி வழவழன்னு..."

"அண்ணி! விழுந்துச்சா, இல்லையா?"

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. "விழுந்துச்சு" என்றார். அதன்பிறகு இரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. 'கண்ணு' போய், 'டாக்டரம்மா' வந்தது. டாக்டருக்கோ அது கோபம் என்றே தோன்றவில்லை. அண்ணி ஒருவழியாக வேலை கற்றுக்கொண்டார் என்று உள்ளுக்குள் நிம்மதிகூடப் பட்டார்.

மூன்றாம் நாள் காலையில், பூட்டு ரிப்பேர் செய்பவர் தன் கறுப்பு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முன் அறையில் நாத்தனாரிடம் கால் மணி நேரம் புலம்பித் தீர்த்தார். உள்ளே கொண்டுபோக உதவிய நாத்தனார் டாக்டரிடம் சொன்னது இவ்வளவுதான்.

"நாய். வாந்தி."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். என்ன சாப்பிட்டது என்று கேட்டதற்குப் பூட்டுக்காரர், மற்றதையெல்லாம் வெளியிலேயே சொல்லியாயிற்று என்ற நினைப்பில், "ராத்திரி தயிர் சாதம்தான்" என்றார். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. பூட்டுக்காரர் கண் கலங்கி நின்றார்.

"அந்த சோபா ஸ்பாஞ்சுதான் காரணமா இருக்குமோ, டாக்டர்?"

"எந்த ஸ்பாஞ்சு?"

"விடியக்காலையில புது சோபாவைக் கிழிச்சு உள்ளே இருந்ததைத் தின்னுடுச்சே. வெளியில அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேனே!"

டாக்டர் உடனே எல்லாம் வெளியே வரும்படி வாந்தி எடுக்கவைக்கும் மருந்து கொடுத்தார். சற்று நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஸ்பாஞ்சு வெளியே வந்து விழுந்தது. நாய் உடம்பை உதறிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் பூட்டுக்காரரின் காதை நக்கியது.

நாய் வெளியே போனதும் டாக்டர் வெடித்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சுருக்கமா சொல்லச் சொன்னது யாரு? நாய், வாந்தி, அவ்வளவுதான்னு சொன்னேன். இதுக்கு மேல சுருக்கத் தெரியாது எனக்கு." நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

டாக்டரின் கணவர் சண்டை என்றாலே கழன்றுகொள்ளும் ரகம். வீட்டில் குரல் உயர்ந்தால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போவார். தொட்டி காலியாக இருந்தாலும் இறங்கி வர அரை மணி ஆகும். அன்று சாயங்காலம் மனைவியை அழைத்துப்போக வந்தவர், கிளினிக்கில் அவரைக் காணாமல் தேடினார். டாக்டர் தரையில் குப்புறப் படுத்து, மருந்து அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்ட பூனைக்குட்டியிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் கழித்துக் குட்டி தயங்கித் தயங்கி வெளியே வந்தது.

"பூனைக்கு இருபது நிமிஷம்" என்றார் கணவர். "எங்க அக்காவுக்கு இருபது செகண்டாவது குடுத்திருக்கலாம்."

சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய், "வண்டியை எடுத்துட்டு வரேன்" என்று வெளியே ஓடினார்.

டாக்டருக்கு மன்னிப்புக் கேட்பதில் கூச்சம் கிடையாது. போனில் ஒரே வரியில் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அன்றும் போனைக் கையில் எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, வைத்துவிட்டு நேராக நாத்தனார் வீட்டுக்கே போனார். சோபாவில் எதிரே உட்காராமல், அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் பக்கத்தில் போய் நின்று, இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அது பெரும்பாடாக இருந்தது.

நாலாவது வெங்காயத்தில் நாத்தனார் ஆரம்பித்தார்.

"முப்பது வருஷம் கண்ணு. ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம்தான். அழுதுக்கிட்டே பேசுவாங்க. புள்ளைக்கு ஆபரேஷன், போன் வேலை செய்யலம்பாங்க. புகாரை எழுதிக்கிட்டு வெச்சிடணும். அந்தப் புள்ள பிழைச்சுதா? தெரியாது. ஒருத்தர் கதையையும் நான் முழுசாக் கேட்டதில்ல."

டாக்டர் நறுக்குவதை நிறுத்தினார். இந்தக் குடும்பத்துக்கு வந்து பதினாறு வருடமாகியும் இது அவருக்குத் தெரியாது.

"எனக்கு வேற மாதிரி, அண்ணி. கையில ஊசி இருக்கறப்போ காதுல கதை விழுந்தா, எங்க தப்பு பண்ணிடுவேனோன்னு நடுங்குது. அதான் கத்துறேன். உங்க மேல கோபம் இல்ல."

"நடுங்குதா? உனக்கா?" நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் உனக்கு யாரையுமே பிடிக்காதுன்னுல்ல நெனச்சேன்!"

அன்று ஓர் ஏற்பாடு பேசிக்கொண்டார்கள். நோய் சம்பந்தப்பட்டதை நாத்தனார் முதலில் சொல்லிவிட வேண்டும். மிச்சக் கதையை டாக்டர் ஊசியைக் கீழே வைத்த பிறகு டீ குடிக்கும்போது கேட்க வேண்டும், பாதியில் எழுந்து போகக் கூடாது. ஏற்பாடு அடிக்கடி சொதப்பியது. நாத்தனார் 'சம்பந்தப்பட்டது' என்று நினைத்ததில் சிலசமயம் பக்கத்து வீட்டு விவாகரத்தும் சேர்ந்துகொண்டது. டாக்டரும் இரண்டு மூன்று முறை டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். ஆனால் அப்போதெல்லாம் நாத்தனார் முகம் சுண்டவில்லை. "உட்காரு கண்ணு, இன்னும் முடியல" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

ஒரு நாள் ஆமையுடன் ஒருவர் வந்தார். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள கடிகாரக் கடைக்காரர். நாத்தனார் அன்பாக நாலு கேள்வி கேட்டதும் அவர் காது சிவந்து, கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தார். நாத்தனார் சட்டென்று பேச்சை நிறுத்தி உள்ளே வந்தார்.

"இவரு உன் ரகம். நீயே பேசு, நான் பேசினா ஓடிடுவாரு."

டாக்டர் மூன்றே கேள்வி கேட்டார். கடிகாரக்காரர் மூன்றே வார்த்தையில் பதில் சொன்னார். ஓட்டில் லேசான விரிசல்தான், மருந்து தடவியாயிற்று. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இவ்வளவு நல்ல டாக்டரைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"ஆமைக்குப் பேரு என்னவாம்?" என்றார் நாத்தனார், பொறுக்க முடியாமல்.

"கேக்கலையே."

"கேக்கலையா!" நாத்தனார் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவருகே வந்தார். வந்தவர் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழியை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள், "என் முறையா, டாக்டர்?" என்று எழுந்தார்.

"ஒரே நிமிஷம் இருங்க" என்றார் டாக்டர். "அண்ணி வந்துடட்டும்."