தளவாய் அண்ணாச்சி உதயப்பூரைப் பார்த்த விதம்

1

உதயப்பூர் ஏரியில் ஒரு அந்திக்கு விலை பதினோராயிரத்து அறுநூற்று அறுபத்தாறு ரூபாய், தம்பதிக்கு. சொகுசு ரயிலின் ஏழு நாள் கட்டணம் ஒன்பது லட்சத்து எண்பதாயிரம். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கண் விழித்திருப்பதாக வைத்து வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு அதுதான் வருகிறது. வகுத்தது நான் இல்லை, தளவாய் அண்ணாச்சி. புளியங்குடியில் எலுமிச்சை வாங்கிக் கேரளாவுக்கு லாரி ஏற்றுகிறவர்.

கதையை எனக்குத் தந்தது அவர் மனைவி வள்ளித்தாய் மதினி. குற்றாலத்தில் மங்குஸ்தானுக்குப் பேரம் பேசிக்கொண்டே சொன்னாள். கடைக்காரரிடம் பத்து ரூபாயை விடாதவள், எனக்குக் கதையைச் சும்மா கொடுத்தாள். வியாபாரி வீட்டில் வளர்ந்தவன் நான். சும்மா வருகிற சரக்கை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். பார்த்தேன். அழுகல் இல்லை.

2

முதல் தொடக்கம்: "அரண்மனையின் வெண்பளிங்கு மாடங்களில் அந்தி தன் குங்குமத்தை—"

(அடித்தாயிற்று. நான் உதயப்பூர் போனதில்லை. என்னுடைய ரயில் பயணமெல்லாம் செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரைக்கும்தான்.)

இரண்டாம் தொடக்கம்: மதினிக்கு ஓர் ஆசை.

இதை வைத்துக்கொள்வோம்.

அண்ணாச்சிக்கு எதைப் பார்த்தாலும் "பரவால்ல". மூட்டையைப் பிரித்ததும் முதல் தரக் காய் கண்ணில் பட்டாலும் உதட்டைப் பிதுக்குவார். நல்லாருக்கு என்று சொன்ன நிமிஷம் விலை ஏறிவிடும் அல்லவா? அந்தச் சொல்லைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர அவருக்குத் தெரியாது. மகன் பள்ளியில் முதலாவதாக வந்தான்: பரவால்ல. புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள்: பரவால்ல.

கலியாணமாகி முப்பத்தொரு வருஷம். அவர் வாயால் ஒரே ஒரு தடவை "நல்லாருக்கு" கேட்டுவிட வேண்டும் என்பதுதான் மதினியின் ஆசை. குத்துக்கல்வலசையில் அவள் பேரில் இருந்த வயல் சாலை போட எடுக்கப்பட்டது. வந்த பணத்தில் உதயப்பூர் போகும் அந்தச் சொகுசு ரயிலுக்கு டிக்கெட் போட்டாள். அதைவிட அழகான ஊர் கிடையாது என்று டிராவல்ஸ்காரர் சத்தியமே செய்திருந்தார்.

3

ரயிலில் தலைப்பாகை கட்டிய பரிசாரகர் வேளைக்கு வேளை "குட், சார்?" என்றார். அண்ணாச்சி உள்ளங்கையைக் கவிழ்த்தும் மலர்த்தியும் காட்டினார். (மொழி தெரியாதவர்களுக்கான பரவால்ல.) பரிசாரகர் பதறிப்போனார். அடுத்த வேளை கூடுதலாக ஓர் இனிப்பு. மறுநாள் பழக்கூடை. மூன்றாம் நாள் மேனேஜரே வந்து மன்னிப்புக் கேட்டு, பெரிய அறைக்கு மாற்றினார்.

"பாத்தியா? நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா இதெல்லாம் வருமாட்டி?"

"அப்ப நல்லா இல்லையா?"

"அத நான் சொல்லலியே."

(இங்கே மதினி அழுததாக எழுதி, அடித்தேன். அவள் அழவில்லை. கூடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துத் தின்றாள்.*)

* ஆப்பிள் எப்படி என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றாள், யோசிக்காமல்.

4

உதயப்பூர். படகில் இரண்டு பேரும். ஏரி நடுவே வெள்ளை அரண்மனை, மலைக்குப் பின்னால் சூரியன்.

"எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"இத ஒங்களுக்கு யாரும் விக்க வரல. சொன்னாத்தான் என்ன?"

"படகுக்காரன் கேக்கான்லா."

"அவனுக்குத் தமிழ் தெரியாது."

"மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிரும்ட்டி."

மதினி ஏரியை விட்டுவிட்டாள். தான் வந்தது ஏரிக்காக இல்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததாம்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு என்னையப் பாத்தும் பரவால்லன்னு சொன்னீங்க. எங்கப்பா பயந்துபோயி அஞ்சு பவுன் கூடப் போட்டாரு. நெசத்தச் சொல்லுங்க, அன்னைக்கு நான் எப்படி இருந்தேன்?"

முடிவு அ: "நல்லா இருந்தே" என்கிறார். மதினி அவர் தோளில்— (இந்த விலைக்கு நானே வாங்க மாட்டேன்.)

முடிவு ஆ: பேசாமலே கரைக்கு வருகிறார்கள். (பத்திரிகைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். மதினி எடுத்துக்கொள்ள மாட்டாள்.)

மதினி சொல்வது: அண்ணாச்சி படகுக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"ஒண்ணுமே போடாட்டியும் கெட்டியிருப்பேன். அத ஒங்கப்பாட்ட எப்படிச் சொல்லுது?"

(வாசகரே, இங்கேயே நிறுத்தியிருப்பேன். மதினி நிறுத்தவில்லை.)

"அப்ப அந்த அஞ்சு பவுனத் திருப்பிக் குடுங்க. அத வித்துத்தான மொத லாரிக்கு அட்வான்ஸ் குடுத்தீங்க?"

"ஏட்டி, முப்பத்தொரு வருசம் ஆச்சு! மூணு."

"அஞ்சு."

"தேய்மானம்னு ஒண்ணு இருக்குல்லா? மூணர."

மதினிக்கு உள்ளூரச் சந்தோஷம். முகத்தில் காட்டவில்லை. காட்டினால் அவர் மூன்றரையிலேயே நின்றுவிடுவார்.

5

இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள். அதனால் யார் இறங்கினார் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள். படகு கரைக்கு வந்தபோது இருந்த நிலவரம் மட்டும் இது:

அவள் கேட்டது: ஐந்து பவுன்.
அவர் ஒத்துக்கொண்டது: நாலேகால்.
நிற்பது: முக்கால்.