மெயினை அணைத்தும் மினுக்கிய மீட்டர்

கரண்ட் பில் மறுபடியும் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷுக்கும் ஜோதிகாவுக்கும் சண்டை மூண்டது.

“நீ டிவிய ஓடவுட்டுட்டு தூங்கற. அதான் இப்டி ஏறுது” என்றான் சந்தோஷ்.

“நீ மட்டும் இன்னாவாம்? ஃபேன அஞ்சுல வெச்சிகினு போர்வைய போத்திகினு கீறே!”

கொரட்டூரில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி அது. தரைத்தளத்து ஒற்றைப் படுக்கையறை வீடு இவர்களுடையது. ஏசி இல்லை, ஹீட்டர் இல்லை. ஆனாலும் தீபாவளிக்குப் பிறகு வந்த எல்லா பில்லும் ஐந்நூறு யூனிட்டுக்கு மேல். அந்தக் கோட்டைத் தாண்டினால் விலையும் எகிறிவிடும். வாஷிங் மெஷினைத் தொடாமல் ஜோதிகா கையாலேயே துவைத்துப் பார்த்தாள். தோள் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் மின்வாரியத்துக்குப் போன் போட்டாள். “மீட்டர் பக்கத்துல இருக்கற மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, மீட்டர்ல சிவப்பு லைட் மினுக்குதான்னு பாருங்கம்மா. மினுக்கினா உங்க கரண்ட் வேற எங்கியோ போகுதுன்னு அர்த்தம்” என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் பலகையின் முன்னால் நின்றார்கள். சந்தோஷ் மெயினை இறக்கினான். சிவப்பு விளக்கு மினுக்கவில்லை.

“பாத்தியா? மீட்டர் நல்லாத்தான் கீது. எல்லாம் நம்ம செலவுதான்” என்று மெயினை ஏற்றப் போனான்.

“இரு, இரு! கைய எடு!”

விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூட முடியாத வேகம். அதே நேரம் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஜோதிகா படிக்கட்டு நடுவில் ஓடிப் போய் அண்ணாந்து கத்தினாள். “மங்களம் ஆன்ட்டி! மோட்டார நிறுத்துங்க!”

எட்டு வீட்டுக்கும் பொதுவான போர்வெல் மோட்டாரின் சுவிட்ச் இரண்டாம் மாடியில், மங்களத்தின் வாசலில் இருந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். முதல் மாடி நிவேதிதா, காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றியபடி வெளியே வந்தாள்.

“என்னாச்சுக்கா?”

“மோட்டார நிறுத்தச் சொல்லு நிவேதிதா, சீக்கிரம்!”

நிவேதிதா மேலே பார்த்துக் கூவினாள். மோட்டார் நின்றது. விளக்கும் நின்றது.

“நின்னுடுச்சு! இப்ப போடச் சொல்லு!” சந்தோஷ் கத்தினான்.

“போடுங்க ஆன்ட்டி!”

விளக்கு மறுபடி படபடத்தது. சந்தோஷ் மனைவியின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். “ஏய், மோட்டாரு நம்ம கரண்ட்டுலதான் ஓடுதுடீ! டிவியும் இல்ல, ஃபேனும் இல்ல!”

இந்தக் கூச்சலில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மங்களத்தின் கணவர் சுப்பராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் வரும் பொது பில்லைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக, போன கூட்டத்தில் சால்வைகூடப் போர்த்திக்கொண்டவர்.

“என்னம்மா இது, தண்ணி வேணுமா வேணாமா?”

ஜோதிகா மீட்டரைக் காட்டினாள். அவர் இறங்கியிருந்த மெயினைப் பார்த்தார், துடிக்கும் விளக்கைப் பார்த்தார். முகம் மாறியது. திடீரெனத் தலையைத் தூக்கி, “மங்களம்! இன்னொரு தடவை நிறுத்திப் போடு!” என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

பலகையின் பின்னால் சந்தோஷ் டார்ச் அடித்தான். இவர்கள் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் பிரிந்து, மோட்டார் பெட்டிக்குப் போயிருந்தது. சுப்பராயன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“தீபாவளிக்கு முன்னால மோட்டார் லைன் எரிஞ்சுதே! கூப்பிட்ட ஆளு தற்காலிகமா இழுத்துவிட்டுட்டு, திரும்பி வரேன்னு போனவன் வரவே இல்ல. நானும் மறந்துட்டேன். பில்லு குறைஞ்சது என் சாமர்த்தியம்னு நெனச்சேன்மா.” குரல் தாழ்ந்தது. “இது எங்க தப்பு. இத்தனை மாசம் நீங்க கட்டினதுல மோட்டாருக்கு உண்டானதைச் சங்கம் குடுத்துடும்.”

“அத அப்பால பாத்துக்கலாம் சார். முதல்ல ஒயர கழட்டணும்” என்றாள் ஜோதிகா. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று மாலையே, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து மோட்டாரைப் பொது மீட்டருக்கு மாற்றினார். எட்டு வீட்டாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சொன்னபடி சங்கமும் அந்த வாரமே பணத்தைக் கொடுத்துத் தீர்த்தது.

அடுத்த பில் வந்தபோது ஜோதிகா வேலை முடிந்து அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். குறுஞ்செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு உடனே சந்தோஷைக் கூப்பிட்டாள்.

“பில்லு வந்துகீது.”

“எவ்ளோ? சொல்லித் தொலை.”

“நானூத்தி சொச்சம்! நூறு யூனிட்டு இலவசம் போக அவ்ளோதான்யா!”

அந்தப் பக்கம் அவன் போட்ட கூச்சலில், பக்கத்தில் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தார். “நல்ல சேதியாம்மா?”

“ஆமாக்கா” என்றவள், அவருக்கும் மெயின் சுவிட்சிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதையும் அவள் கவனிக்கவில்லை.